பி0011 வந்ததும் சென்சாரை மாற்றாதீர்கள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கும் என் மச்சானின் கார், சிக்னலில் நின்றாலே உதறியது. செக் இன்ஜின் விளக்கும் எரிந்தது. ஸ்கேனரைச் சொருகினால் பி0011 (P0011) என்ற கோளாறு எண். "கேம் சென்சார் போச்சு சார்" என்று பட்டறையில் மாற்றினார்கள். நாலு நாளில் விளக்கு திரும்ப எரிந்தது. அப்புறம் சாலினாய்டை (மின்சாரத்தில் இயங்கும் வால்வு) மாற்றினார்கள், அதற்கும் அடங்கவில்லை. கடைசியில் டிப் ஸ்டிக்கை உருவிப் பார்த்தால், ஆயில் அடிக்குறிக்கும் கீழே கிடந்தது.

அந்த எண் எந்தப் பாகத்தின் பெயரும் இல்லை. இன்ஜின் வால்வுகளைத் திறந்து மூடும் தண்டான கேம்ஷாஃப்ட் இத்தனை டிகிரியில் இருக்க வேண்டும் என்று இசியு (இன்ஜினின் கணினி) கேட்கிறது. அதைவிட முன்னால் போய் நிற்கிறது என்று சென்சார் தகவல் தருகிறது. பி0011 சொல்வது அவ்வளவுதான். பின்தங்கி நின்றால் பி0012. சேதி கொண்டு வந்தவனையே பிடித்து உள்ளே போட்டால் எப்படி? சென்சாரோ அதன் வயரோ கெட்டிருந்தால் பெரும்பாலும் பி0340 மாதிரி வேறு எண்தான் வரும்.

பெரும்பாலான கார்களில் கேம்ஷாஃப்டைத் திருப்பிக் கொடுப்பது இன்ஜின் ஆயிலின் அழுத்தம். சாலினாய்டு வால்வு அந்த ஆயிலுக்கு வழி திறந்துவிடும் மதகு. வழியோ மிகக் குறுகல். வால்வுக்கு முன்னால் மிக நுண்ணிய துளைகளோடு ஒரு சிறு வலையும் பல கார்களில் உண்டு. ஆயில் குறைந்தாலும், கசடாகிக் கறுத்தாலும் முதலில் திணறுவது இந்த இடம்தான். 0டபிள்யூ-20 என்ற மெல்லிய ஆயில் கேட்கும் இன்ஜினில், "நம்ம ஊர் வெயிலுக்குக் கெட்டியாக இருக்கட்டும்" என்று 20டபிள்யூ-50 ஊற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆயில் மெதுவாக நகரும், கேம்ஷாஃப்டும் மெதுவாகத் திரும்பும், இசியு அதைக் கோளாறு என்று எழுதி வைக்கும். கசடு நிறைந்த பழைய இன்ஜினில் ஃப்ளஷ் திரவம் ஊற்றுவதும் எனக்குப் பிடிக்காது. பெயர்ந்த கசடு நேராக அந்த வலையில் போய் உட்காரலாம்.

ஸ்கேனரில் எண்ணைப் பார்த்ததும் அழித்துவிடுவது இன்னொரு கெட்ட பழக்கம். கோளாறு வந்த நொடியில் இன்ஜினின் வேகம், சூடு, சுமை எல்லாம் ஃப்ரீஸ் ஃப்ரேமில் பதிவாகியிருக்கும். எண்ணோடு அதுவும் போய்விடும். முதலில் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

பி0010 வந்தால் கதை வேறு. அது சாலினாய்டின் மின்சுற்றுப் புகார். கடலோர ஊரில் உப்புக்காற்றே கனெக்டர் பின்களில் பச்சை பூக்க வைக்கும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அடுத்த சில நாளில் தென்பெண்ணை வெள்ளம் கடலூருக்குள் புகுந்தது. அப்போது நீரில் நின்ற கார் என்றால், புதுப் பாகம் வாங்கும் முன் கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள். பிறகு மல்டிமீட்டரைச் சாலினாய்டில் வையுங்கள். பல கார்களில் 7, 8 ஓம்ஸ் பக்கம் காட்டும். உங்கள் காரின் சர்வீஸ் மேனுவல் சொல்வதே கணக்கு. ஆனால் ஓம்ஸ் சரியாக இருப்பதால் சாலினாய்டு நல்லது என்றும் முடிவு கட்டாதீர்கள். காயில் நன்றாக இருந்தும் உள்ளே வால்வு சிக்கிக் கிடக்கலாம். பி0011-இல், கார் நின்றபடி இன்ஜின் ஓடும் ஐடிலில் உதறும்போது சாலினாய்டின் கனெக்டரைப் பிடுங்கிப் பாருங்கள். உதறல் நின்றால் வால்வு அசைகிறது. நிற்காவிட்டால் வால்வோ, ஆயில் அழுத்தத்தில் கேம்ஷாஃப்டைத் திருப்பும் ஃபேஸரோ சிக்கியிருக்கலாம். பிடுங்கியதற்கு ஒரு புது எண் பதிவாகும், பயப்படாதீர்கள்.

இத்தனையும் பார்க்கலாம், ஆனால் பி0016-ஐ மட்டும் தள்ளிப்போடக் கூடாது. பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்கும் கேம்ஷாஃப்டும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை என்று பொருள். அண்மையில் இரண்டையும் இணைக்கும் டைமிங் செயினில் வேலை நடந்திருந்தால் ஒரு பல் தள்ளி மாட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். காலையில் ஸ்டார்ட் செய்ததும் சில நொடி கடகடவென்று சத்தமும் சேர்ந்து வந்தால், செயின் நீண்டிருக்கலாம். செயின் பல் தாண்டினால் பல இன்ஜின்களில் வால்வு பிஸ்டனில் இடிக்கும். அந்த நிலையில் ஈசிஆரில் சென்னைக்குக் கிளம்பாதீர்கள். காரை இழுத்துக்கொண்டு பட்டறைக்குப் போவது மலிவு.