நாய் ஒரே இடத்தை நக்கிக்கொண்டே இருந்தால்

எங்கள் வெள்ளை ஸ்பிட்ஸ் முன்னங்காலின் உட்பக்கத்தை ஓயாமல் நக்கியது. எச்சில் பட்டுப் பட்டு அந்த இடத்து முடியே செம்பழுப்பாகிவிட்டது. உண்ணி தேடினோம், இல்லை. ஒவ்வாமையோ என்று சாப்பாட்டில் கோழியை நிறுத்தினோம், ஷாம்பு மாற்றினோம், பலனில்லை.

அப்புறம் முடியை நனைத்துப் பிரித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது: பாதத்துக்கு மேலே, கட்டைவிரல் மாதிரி தனியாக நிற்கும் நகம் வளையமாகச் சுருண்டு தோலில் குத்திக்கொண்டிருந்தது. மற்ற நகங்கள் தெருவில் நடந்தே தேயும். இது தரையைத் தொடாது, தேயவும் தேயாது. அடர்ந்த முடி வேறு மறைத்துவிடும்.

கால்நடை மருத்துவர் நகத்தை வெட்டி, புண்ணைக் கழுவி மருந்து போட்டார். ஆறும்வரை, வாய் புண்ணுக்கு எட்டாமல் இருக்க, கழுத்தில் கூம்புப் பட்டை. நக்குவது நின்றது, அப்பாடா! இப்போது மாதம் ஒருமுறை நானே வெட்டுகிறேன். வெள்ளை நகத்தினுள் ரத்த நாளம் இளஞ்சிவப்பாகத் தெரியும். அதற்குச் சற்று முன்பே நிறுத்திவிட வேண்டும்.