கம்ப்ரஷன் ஸ்டாக்கிங்ஸ்: வாங்கும் முன் காலை அளக்கும் முறை

வெரிகோஸ் வெயின், கால் வீக்கம், நாள் முழுக்க நின்று பார்க்கும் வேலை என எந்தக் காரணத்துக்கு வாங்கினாலும் சரி, "எனக்கு எப்பவும் மீடியம்தான்" என்று கண்ணை மூடிக்கொண்டு எடுத்துவிடாதீர்கள். கணுக்காலில் அதிகமாகவும், மேலே போகப் போகக் குறைவாகவும் அழுத்தி, கீழே தேங்கும் ரத்தத்தை மேலே ஏற்ற உதவுவதுதான் இந்தக் காலுறையின் வேலை. அளவு தப்பினால் கணுக்காலில் தொளதொளவென்றும் முழங்காலுக்குக் கீழே கயிறு கட்டியது போலவும் இருக்கும். அப்படிப் போடுவதற்குப் போடாமலே இருக்கலாம்.

முதலில் அழுத்தம். பெட்டியில் எம்எம்எச்ஜி (mmHg) என்ற அழுத்த அலகில் ஓர் எண் இருக்கும். கால் அசதிக்கும் லேசான வீக்கத்துக்கும் பொதுவாக 15–20 போதும். 20–30, 30–40 எல்லாம் மருத்துவர் சொன்னால் மட்டும். காலுக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனியில் அடைப்பு, சர்க்கரை நோயால் பாதத்தில் மரத்துப்போதல், இதயச் செயலிழப்பு, காலில் புண் இதில் ஏதாவது இருந்தால் எந்த அழுத்தமாக இருந்தாலும் மருத்துவரைக் கேட்காமல் தொடவே வேண்டாம்.

இனி அளவு. காலையில் எழுந்தவுடன், வீக்கம் ஏறுவதற்கு முன் அளந்துவிடுங்கள். மாலையில் எடுத்த அளவுக்கு வாங்கினால் மறுநாள் காலை தளர்ந்து நிற்கும். தையல் டேப் போதும், வெறும் காலில் சுற்றுங்கள், தோலை ஒட்டி இருக்கட்டும், இறுக்கி இழுக்காதீர்கள்.

1. கணுக்கால்: எலும்பு முட்டுக்குச் சற்று மேலே, கால் மிகவும் ஒடுங்கும் இடத்தில் சுற்றளவு. அழுத்தம் அதிகம் விழுவது இங்கேதான் என்பதால் இந்த எண்ணை இரண்டு தடவை அளந்து சரிபாருங்கள்.

2. கெண்டைக்கால்: மிகவும் பருத்த இடத்தில் சுற்றளவு.

3. நீளம்: நாற்காலியில் பாதம் தரையில் படிய உட்கார்ந்து, தரையிலிருந்து முழங்காலின் பின்மடிப்பு வரை.

4. தொடை வரை வரும் ரகம் என்றால் நின்றுகொண்டு தொடையின் மேல்பகுதியில் பருத்த இடத்தின் சுற்றளவும், தரையிலிருந்து பிட்டத்தின் கீழ்மடிப்பு வரை நீளமும் வேண்டும்.

இரண்டு காலையும் தனித்தனியாக அளந்து எழுதுங்கள், பலருக்கு இரண்டும் ஒன்றாக இருக்காது. ஒவ்வொரு நிறுவனத்தின் அளவு அட்டவணையும் வேறு, அதனால் ஒன்றில் 'எல்' என்றால் இன்னொன்றிலும் 'எல்' என்று நினைக்க வேண்டாம். கணுக்கால் ஓர் அளவிலும் கெண்டைக்கால் வேறு அளவிலும் விழுந்தால் பெரியதை எடுத்துச் சமாளிக்காமல், கெண்டைக்கால் அகலமான ரகம் இருக்கிறதா என்று கேளுங்கள், இல்லாவிட்டால் அளவுக்குச் செய்து தருபவர்களிடம் போகலாம்.

போட்டுப் பார்க்கும்போது குதிகால் சரியாகக் குதிகாலில் உட்கார வேண்டும், முழங்கால் வரை வரும் ரகம் என்றால் மேல் விளிம்பு முழங்கால் மடிப்புக்கு இரண்டு விரல்கடை கீழே நிற்க வேண்டும். நீளம் மிஞ்சுகிறது என்று விளிம்பை மடித்து விடுவதுதான் எல்லோரும் செய்வது, ஆனால் மடித்த இடத்தில் அழுத்தம் கூடி ரத்த ஓட்டத்தையே தடுக்கும், தயவுசெய்து மடிக்காதீர்கள். விரல் நுனி நீலம் பாய்ந்தாலோ, மரத்தாலோ, வலித்தாலோ உடனே கழற்றிவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

தினமும் போட்டால் 3 முதல் 6 மாதத்தில் எலாஸ்டிக் தளர்ந்துவிடும். அடுத்த ஜோடி வாங்கும்போது பழைய அளவை அப்படியே சொல்லாமல் மறுபடி அளந்துவிட்டு வாங்குங்கள்.