கடலாமைக் காப்பு அமைப்பில் இன்டர்ன்ஷிப்: முதல் பதிவை எழுதி வெளியிடும் முறை

சென்னைக் கடற்கரைக்குப் பங்குனி ஆமைகள் (ஆலிவ் ரிட்லி) முட்டையிட வரும் ஜனவரி முதல் மார்ச் வரையிலான காலத்தில், முட்டைக்குழிகளைத் தேடிப் போகும் இரவு நடைக்கு ஆட்கள் கிடைத்துவிடுகிறார்கள். கண்டதைச் சரியாக எழுதி வெளியே சொல்லத்தான் ஆள் கிடைப்பதில்லை. அப்படி ஓர் அமைப்பின் தொடர்புப் பிரிவில் ஒரு பருவம் முழுக்க வேலை பார்த்தேன். புதிதாகச் சேருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். சமூக ஊடகக் கணக்குத் தொடங்குவது, படம் ஏற்றுவது எல்லாம் உங்களுக்கே தெரியும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

1. முதலில் இரவு நடை, பிறகு எழுத்து

ஒரு வரி எழுதுவதற்கு முன் களக் குழுவோடு நடந்துவிடுங்கள். மணலில் ஆமை விட்டுச்சென்ற தடத்தைப் பிடித்துப் போய், முட்டைக்குழியைக் கண்டுபிடித்து, முட்டைகளைப் பொரிப்பகத்துக்கு மாற்றுவதை நேரில் பார்த்தவருக்குத்தான் எதை எழுத வேண்டும் என்று தெரியும். ஒரு குழியில் ஏறக்குறைய நூறு முட்டைகள் இருக்கும். பொரிய 45 முதல் 60 நாட்கள் ஆகும். மணலின் வெப்பம் கூடினால் பெண் குஞ்சுகள் கூடும். இந்தப் பொதுத் தகவல்களை எப்போது வேண்டுமானாலும் சேர்த்துக்கொள்ளலாம். அன்றைய எண்ணிக்கையை மட்டும் களப் பதிவேட்டைப் பார்த்தே எழுதுங்கள். வாட்ஸ்அப் குழுவில் யாரோ நினைவிலிருந்து போட்ட எண்ணை எடுக்காதீர்கள்.

2. படத்தைத் தேர்ந்தெடுத்தல்

இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும்.

படத்தில் இருப்பது பங்குனி ஆமைதானா என்று பாருங்கள். ஓட்டின் இருபக்கமும் உள்ள பக்கத் தகடுகளை எண்ணுங்கள். பேராமைக்கு (பச்சை ஆமை) பக்கத்துக்கு நான்கு. பங்குனி ஆமைக்குப் பெரும்பாலும் ஆறு அல்லது அதற்கு மேல். அடுத்து, படம் எந்தக் கரையில் எடுத்தது? ஆயிரக்கணக்கான ஆமைகள் ஒரே கரையில் ஏறியிருக்கும் படங்கள் ஒடிசாவின் கஹிர்மாதா, ருஷிகுல்யா கரைகளைச் சேர்ந்தவை. சென்னையில் ஆமைகள் தனித்தனியாகத்தான் வருகின்றன. சென்னைச் செய்திக்கு ஒடிசாப் படத்தைப் போட்டால், நம் கரையில் ஆமைகளுக்குக் குறையே இல்லை என்ற எண்ணம் வாசகருக்கு வந்துவிடும்.

உள்ளங்கையில் குஞ்சை வைத்துக்கொண்டு சிரிக்கும் படத்தை வெளியிடாதீர்கள், எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி. பங்குனி ஆமை 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் உயிரினம். அந்தப் படத்தைப் பார்ப்பவர்கள், தாங்களும் கையில் எடுக்கலாம் என்றே புரிந்துகொள்கிறார்கள். ஃப்ளாஷ் போட்டு எடுத்த படமும் வேண்டாம். கரையேறும் தாய் ஆமை வெளிச்சத்தையும் கூட்டத்தையும் கண்டால் முட்டையிடாமலே கடலுக்குத் திரும்பிவிடும்.

இடத்தகவல் விஷயம் எனக்குப் பிடிபட நாளாயிற்று. கைபேசியில் எடுக்கும் படத்துக்குள் அது எடுக்கப்பட்ட இடம் ஜிபிஎஸ் எண்களாகப் பதிந்திருக்கலாம். இன்ஸ்டாகிராமும் ஃபேஸ்புக்கும் படத்தை வெளியிடும்போது அதை நீக்கிவிடுகின்றன. அதனால் பிரச்சினை இல்லை என்று தோன்றும். ஆனால் அதே படத்தைப் பத்திரிகைக்கு மின்னஞ்சலில் அனுப்பினாலோ கூகுள் டிரைவில் பகிர்ந்தாலோ அமைப்பின் இணையதளத்தில் ஏற்றினாலோ எண்கள் அப்படியே கூடப் போகக்கூடும். இடம் மாற்றாமல் விட்ட முட்டைக்குழி என்றால், மறுநாள் இரவே அங்கே டார்ச் விளக்குகளோடு கூட்டம் கூடிவிடும்.

ஐபோனில் படத்தைப் பகிரும்போது மேலே வரும் விருப்பங்களில் இடத்தகவலை அணைத்துவிடலாம். நிறையப் படங்கள் இருந்தால் கணினியில் எக்ஸிஃப்டூல் என்ற இலவச மென்பொருளைத்தான் நான் பரிந்துரைப்பேன். ஒரு கோப்புறை முழுவதையும் ஒரே கட்டளையில் சுத்தம் செய்துவிடும். இணையத்தில் படத்தை ஏற்றித் தகவலை நீக்கித் தரும் தளங்கள் வேண்டாம். மறைக்க வேண்டிய தகவலை முன்பின் தெரியாதவர்களிடம் நாமே கொடுத்ததாகிவிடும். எண்களை நீக்கிய பிறகு பின்னணியையும் பாருங்கள். உடைந்த படகுத்துறையோ கோயில் கோபுரமோ தெரிந்தால், உள்ளூர்க்காரருக்கு அதுவே போதும்.

3. மீனவர்களைப் பற்றி எழுதும்போது

2025 ஜனவரியில் சென்னைக் கரையோரம் நூற்றுக்கணக்கில் ஆமைகள் செத்து ஒதுங்கின. இதுபோன்ற நாட்களில் கோபத்தில் 'மீனவர்களால் ஆமைகள் சாகின்றன' என்று எழுதத் தோன்றும். எழுதாதீர்கள். வலையின் பெயரைச் சொல்லி எழுதுங்கள். ஆமை மூச்சுவிட நீர்மட்டத்துக்கு வந்தாக வேண்டும். விசைப்படகின் இழுவலைக்குள் நெடுநேரம் சிக்கினால் மூழ்கிச் சாகும். கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் விசைப்படகுகள் இழுவலை போடத் தமிழ்நாட்டில் தடை இருக்கிறது. அந்தத் தடை மீறப்படும்போது, கரையோரம் ஃபைபர் படகில் போகும் குப்பத்து மீனவரின் பிழைப்பும் அடிபடுகிறது. விசைப்படகுக்காரரையும் குப்பத்து மீனவரையும் ஒரே சொல்லில் அடக்கிவிட்டால், வலையை அறுத்து அதில் சிக்கிய ஆமையைக் காப்பாற்றுகிற மனிதரையும் சேர்த்துக் குற்றவாளி ஆக்குகிறோம். மீனின் செவுள் மாட்டிக்கொள்ளும் செவுள் வலையிலும் ஆமை சிக்கும், அதையும் மறைக்க வேண்டியதில்லை. எழுதியதைக் குப்பத்துப் பெரியவர் ஒருவரிடம் படித்துக் காட்டி, "ஐயா, இது சரியா?" என்று கேளுங்கள். அவர் திருத்தும் சொல் எந்தப் புத்தகத்திலும் கிடைக்காது.

4. செய்திக்குறிப்பு

ஒரு பக்கத்துக்குள் முடியட்டும். யூனிகோடில் தட்டச்சு செய்து மின்னஞ்சலிலேயே ஒட்டுங்கள். யூனிகோடு அல்லாத பாமினி எழுத்துருவில் வரும் பழைய குறிப்புகளை எழுத்துரு மாற்றியில் போட்டு யூனிகோடுக்கு மாற்றிய பின், ஒருமுறை வரிவரியாகப் படித்துப் பாருங்கள். அனுப்புவதற்கு முன் களப் பொறுப்பாளரின் ஒப்புதல் வாங்குங்கள்.

பின்சேர்க்கை: வாட்ஸ்அப்பில் அனுப்பினால் இடத்தகவல் போய்விடுமே என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். சாதாரணப் படமாக அனுப்பினால் போய்விடும். தரம் குறையக் கூடாதென்று ஆவணமாக அனுப்பினால் போகாது. பத்திரிகைக்குப் பெரும்பாலும் ஆவணமாகத்தான் அனுப்புவோம், கவனம்.

இன்னொன்று: போட்டோஷாப்பில் படத்தின் மேல் தமிழ் எழுதினால் 'கொ', 'கெ' போன்றவை உடைந்து வருவதாகச் சிலர் எழுதியிருந்தார்கள். எழுத்து அமைப்புகளில் தெற்காசிய மொழிகளுக்கான தளவமைப்பைத் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும். புதிய பதிப்புகளில் அது 'வேர்ல்டு-ரெடி' என்ற பெயரில் இருக்கிறது. எழுத்துருவுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ் போதும். சிறிய திரையிலும் தெளிவாகத் தெரியும், காசும் கொடுக்க வேண்டியதில்லை.