ஜிடிபி கட்டளையில் எந்தச் செயற்குறி முதலில் இயங்கும்?

ஜிடிபி (GDB) என்பது நிரல்களில் பிழை தேட உதவும் கருவி. அதில் நிபந்தனையுடன் வைத்த பிரேக்பாயிண்ட் (நிரலை இடையில் நிறுத்தும் புள்ளி) எதிர்பார்த்த நேரத்தில் நிரலை நிறுத்தாவிட்டால் நாம் நிரலைச் சந்தேகிக்கிறோம். பல வேளைகளில் பிழை நாம் ஜிடிபியிடம் கொடுத்த கோவையிலேயே (மதிப்புகளும் செயற்குறிகளும் சேர்ந்த கணக்கிலேயே) இருக்கிறது. கீழே கட்டளைகளையும் மாறிகளையும் தமிழ் எழுத்தில் தந்துள்ளேன். உங்கள் திரையில் அவற்றை ஆங்கிலத்தில் இடுங்கள்.

முதல் படியாக, நிரல் எதையும் ஏற்றாமல் ஜிடிபியைத் திறந்து, பிரிண்ட் 1 << 2 + 3 என்று கொடுங்கள். 7 வராது, 32 வரும். சி மொழி விதிப்படி கூட்டல் முதலில் முடிந்து, 1 என்பது ஐந்து இடம் இடப்புறம் நகர்கிறது.

அடுத்து, பிரிண்ட் 6 & 2 == 2 என்று கேளுங்கள். இரு எண்களுக்கும் பொதுவான பிட்களை (இரும இலக்கங்களை) எடுப்பது இந்தக் குறி; 6இல் 2க்கான பிட் இருப்பதால் விடை 1 என்று நினைப்போம். ஜிடிபி 0 என்கிறது. == என்பதற்கு & குறியைவிட முன்னுரிமை அதிகம் என்பதால் 2 == 2 முதலில் 1 ஆகி, பிறகு 6 & 1 கணக்கிடப்படுகிறது. இது சி மொழிக்கு அதன் முன்னோடியான பி மொழியிலிருந்து வந்த மிச்சம்: அங்கே இரு நிபந்தனைகளும் உண்மையா என்று பார்க்கும் && கிடையாது, நிபந்தனைகளை இணைக்கவும் & குறியே பயன்பட்டது. பின்னர் && வந்தபோதும் பழைய நிரல்கள் உடையக் கூடாதென்று & இருந்த இடத்திலேயே விடப்பட்டதாக சி மொழியை உருவாக்கிய டென்னிஸ் ரிட்சி எழுதியிருக்கிறார்.

இதன் விளைவை பிரேக்பாயிண்டில் பாருங்கள். பிரேக் 40 இஃப் நிலை & 4 == 4 என்று எழுதினால், நிலை ஒற்றைப்படை எண்ணாக இருக்கும்போதெல்லாம் நிரல் நிற்கும்; நாம் தேடிய பிட்டை அது பார்க்கவே பார்க்காது. அந்த பிரேக்பாயிண்டின் எண் 1 என்றால், கண்டிஷன் 1 (நிலை & 4) == 4 என்று திருத்தினால் போதும். நிபந்தனையில் == குறிக்குப் பதில் = இட்டுவிட்டால் இன்னும் மோசம்: ஜிடிபி ஒப்பிடாமல் மாறியின் மதிப்பையே மாற்றிவிடும்.

கடைசியாக, சி மொழியில் இல்லாத @ குறி. சுட்டி (நினைவக முகவரியை வைத்திருக்கும் மாறி) காட்டும் இடத்திலிருந்து இத்தனை உறுப்புகளைக் காட்டு என்று சொல்ல இது உதவும். இதன் முன்னுரிமை கூட்டலைவிடக் குறைவு. ஆகவே, பட்டி என்பது ஒரு சுட்டி என்றால், பிரிண்ட் *பட்டி@3+1 நான்கு உறுப்புகளைக் காட்டும். இரண்டாம் உறுப்பிலிருந்து மூன்று வேண்டுமென்று *பட்டி+1@3 என எழுதினால், கூட்டி வந்த விடை நினைவகத்தில் இல்லாததால் ஜிடிபி பிழை காட்டி மறுத்துவிடும். *(பட்டி+1)@3 என்பதே சரியான வடிவம்.