பட்டாளத்துத் தாத்தாவின் பணிப் பதிவைத் தேடி எடுப்பது எப்படி?

"தாத்தா பட்டாளத்துல இருந்தார், பர்மா சண்டைக்குப் போனார்." நிறைய வீடுகளில் குடும்ப வரலாறு இந்த ஒரு வரியோடு நின்றுவிடுகிறது. எந்தப் படைப்பிரிவு, எந்த வருடம் சேர்ந்தார், எப்போது திரும்பினார் என்று கேட்டால் பெரியப்பா ஒன்று சொல்வார், அத்தை இன்னொன்று சொல்வார். என் தாத்தாவின் விவரங்களைத் தேடி எடுத்த பிறகு சொந்தக்காரர்கள் பலரும் வழி கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் வாட்ஸப்பில் விளக்குவதற்குப் பதில் இங்கே எழுதிவைக்கிறேன்.

இது முக்கியமாக இரண்டாம் உலகப் போரிலோ அதற்குப் பிறகோ இந்திய ராணுவத்தில் சிப்பாயாக இருந்தவர்களைத் தேடுவதற்கானது. முதல் உலகப் போர், ஐ.என்.ஏ. (நேதாஜியின் இந்திய தேசிய ராணுவம்) பற்றிக் கடைசியில் கொஞ்சம் சொல்கிறேன்.

ஆரம்பிக்கும் முன் ஒன்று. பெயரை வைத்துக்கொண்டு தேடப் போகாதீர்கள். 1945இல் இந்திய ராணுவத்தில் சுமார் 25 லட்சம் பேர் இருந்தார்கள். அதில் எத்தனை முனுசாமி, எத்தனை ஆறுமுகம்! ராணுவம் ஆளை அடையாளம் காண்பது படை எண்ணையும் (சேரும்போது ஒவ்வொருவருக்கும் கொடுக்கும் எண்) படைப்பிரிவையும் வைத்துத்தான். இந்த இரண்டும் கையில் வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

படி 1: முதலில் வீட்டைக் குடையுங்கள்

டிரங்குப் பெட்டி, பூஜை அறை அலமாரி, பாட்டியின் பழைய பர்ஸ், எதையும் விடாதீர்கள். தேட வேண்டியவை: டிஸ்சார்ஜ் புக் (பட்டாளத்திலிருந்து விலகும்போது கொடுக்கும் சிறு புத்தகம்), பென்ஷன் புக், பி.பி.ஓ. எனப்படும் பென்ஷன் உத்தரவு, சீருடைப் படம், மெடல்கள். பாட்டி குடும்பப் பென்ஷன் வாங்கியிருந்தால் வங்கிப் பாஸ்புக்கிலோ பழைய கடிதங்களிலோ பி.பி.ஓ. எண் இருக்க வாய்ப்பு அதிகம்.

டிஸ்சார்ஜ் புக் கிடைத்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. எண், ரேங்க், சேர்ந்த தேதி, விலகிய தேதி, காரணம், ஊர், அங்க அடையாளம் என எல்லாம் அதிலேயே இருக்கும். ஒவ்வொரு பக்கத்தையும், வெற்றுப் பக்கம் உட்பட, படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஓரங்களில் பென்சிலால் கிறுக்கியிருப்பதுதான் சில சமயம் முக்கியமான தகவலாக இருக்கும். இதற்கு ஸ்கேனர் தேவையில்லை, பகல் வெளிச்சத்தில் போன் கேமராவே போதும்.

புக் இல்லையென்றால் மெடல். வட்டமான மெடலின் விளிம்பைத் திருப்பிப் பாருங்கள். எண், ரேங்க், பெயர், படைப்பிரிவின் சுருக்கம் ஆகியவை சுற்றி வெட்டப்பட்டிருக்கும். நட்சத்திர வடிவ மெடல் என்றால் பின்பக்கம் பாருங்கள். இரண்டாம் உலகப் போருக்காக பிரிட்டிஷ் வீரர்களுக்குக் கொடுத்த நட்சத்திரங்களில் பெயர் கிடையாது, இந்திய வீரர்களுக்குக் கொடுத்தவற்றில் உண்டு. தயவுசெய்து புளி போட்டோ பிராசோ போட்டோ தேய்க்காதீர்கள். எழுத்து ஆழமாக இருக்காது, தேய்த்தால் போய்விடும். டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடித்துப் படம் எடுத்தால் மங்கிய எழுத்தும் தெரியும்.

எந்த மெடல் என்பதே ஒரு தகவல். பர்மா ஸ்டார் என்றால் 1941 டிசம்பருக்கும் 1945 செப்டம்பருக்கும் இடையில் பர்மா முனையில் இருந்திருக்கிறார். ஆப்பிரிக்கா ஸ்டார், இத்தாலி ஸ்டார் என்றால் மேற்குப் பக்கம் போயிருக்கிறார். இந்தியா சர்வீஸ் மெடல் மட்டும் இருந்தால் பெரும்பாலும் இந்தியாவுக்குள்ளேயே பணி. வீட்டில் எல்லாரும் "பர்மா, பர்மா" என்று சொல்லிக்கொண்டிருக்க, பெட்டியில் ஆப்பிரிக்கா ஸ்டார் இருந்தால் மெடலைத்தான் நம்புங்கள். 1965இன் சமர் சேவா ஸ்டார், 1971இன் பூர்வி ஸ்டார், பஷ்சிமி ஸ்டார் ஆகியவையும் இதே மாதிரி இடத்தையும் காலத்தையும் காட்டிக்கொடுக்கும்.

படி 2: படைப்பிரிவிலிருந்து ரெக்கார்ட்ஸ் ஆபீஸுக்கு

சிப்பாய்களின் பணி ஆவணங்கள் டெல்லியில் ஒரே இடத்தில் குவிந்திருப்பதில்லை. ஒவ்வொரு படைப்பிரிவுக்கும் தனி ரெக்கார்ட்ஸ் ஆபீஸ் உண்டு. நம் பக்கத்து ஆட்கள் அதிகம் இருந்தவை இவை:

- மெட்ராஸ் ரெஜிமென்ட்: நீலகிரி வெலிங்டன்
- மெட்ராஸ் சாப்பர்ஸ் (ராணுவப் பொறியாளர் பிரிவு, இன்றைய எம்.இ.ஜி., "தம்பிகள்" என்று ராணுவம் முழுக்கப் பெயர் வாங்கியவர்கள்): பெங்களூரு
- பயனியர் கோர் (உடலுழைப்புப் பணிகள்), ஏ.எஸ்.சி. தெற்கு (போக்குவரத்து, ரேஷன்): இரண்டும் பெங்களூரு
- இ.எம்.இ. (வண்டி, கருவிகள் பழுதுபார்ப்பு), ஏ.ஓ.சி. (ஆயுத, தளவாடக் கிடங்கு): செகந்திராபாத்
- பீரங்கிப் படை: நாசிக் ரோடு
- சிக்னல்ஸ் (தகவல் தொடர்பு): ஜபல்பூர்
- மருத்துவப் படை: லக்னோ

விமானப் படை என்றால் டெல்லி சுப்ரதோ பார்க், கடற்படை மாலுமி என்றால் மும்பை.

பழைய சுருக்கங்கள் குழப்பும். ஆர்.ஐ.ஏ.எஸ்.சி. என்று இருந்தால் அது இன்றைய ஏ.எஸ்.சி., லாரி ஓட்டியவர்களும் ரேஷன் சுமந்தவர்களும் அதில்தான். ஆர்.ஐ.ஏ.எஸ்.சி.யின் ஆர் 'ராயல்', குடியரசானதும் கழன்றுவிட்டது. ஐ.ஏ.ஓ.சி. இன்றைய ஏ.ஓ.சி., ஐ.இ.எம்.இ. இன்றைய இ.எம்.இ. எண்ணுக்கு முன்னால் ஜே.சி. என்று இருந்தால் சுபேதார் வகை அதிகாரி.

படி 3: பணியில் இறந்தவரா? அப்படியானால் இந்தத் தளம்

போர்க்காலத்தில் பணியிலேயே இறந்தவர் என்றால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் இலவசமாகத் தேடலாம். 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை இறந்தவர்கள் அதில் இருக்கிறார்கள். போரில் சாகாமல் காய்ச்சலில் இறந்தவரும் உண்டு. உயிரோடு திரும்பி 1980இல் ஊரில் காலமானவர் இருக்க மாட்டார், தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

எல்லாரும் மாட்டிக்கொள்ளும் இடம் பெயர்தான். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது என்பதால் முழுப் பெயரையும் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போட்டிருப்பார்கள், முதற்பெயர்க் கட்டம் காலியாக இருக்கும். எழுத்துக்கூட்டல் அன்றைய கிளார்க்கின் காதைப் பொறுத்தது. முனுசாமியின் 'மு'வுக்கு எம்.யூ. என்றும் இருக்கும், எம்.ஓ.ஓ. என்றும் இருக்கும். 'சாமி'யை எஸ்.ஏ.எம்.ஐ., எஸ்.டபிள்யூ.ஏ.எம்.ஒய்., எஸ்.ஏ.டபிள்யூ.எம்.ஒய். என்று எப்படி வேண்டுமானாலும் எழுதியிருப்பார்கள். அதனால் பெயர்க் கட்டத்தை விட்டுவிட்டு, படை எண் கட்டத்தில் எண்ணை மட்டும் போட்டுத் தேடுங்கள்.

எண் இல்லையா? 'எந்தப் படையில் பணி' என்ற இடத்தில் இந்தியப் படை என்று தேர்ந்தெடுத்து, படைப்பிரிவைக் கொடுத்து, கூடுதல் தகவல் கட்டத்தில் ஊர்ப் பெயரைப் போடுங்கள். அப்பா பெயர், மனைவி பெயர், ஊர், மாவட்டம் எல்லாம் அங்கேதான் இருக்கும். மாவட்டத்தை பிரிட்டிஷ் காலத்து வழக்கப்படி கொடுக்க வேண்டும். வேலூர், ராணிப்பேட்டை, திருவண்ணாமலை ஆட்களுக்கு வட ஆற்காடு. தர்மபுரி, நாமக்கல்காரர்களுக்கு சேலம். திருநெல்வேலிக்கும் திருச்சிக்கும் தஞ்சாவூருக்கும் அந்தக் கால ஆங்கில எழுத்துக்கூட்டல். முடிவுகளைக் கோப்பாக இறக்கி எக்ஸெலில் வடிகட்டினால் இன்னும் சுலபம். நான் இதற்கு வம்சாவளி மென்பொருள் எதையும் தொடவில்லை, சாதாரண எக்ஸெலே போதும்.

பதிவு கிடைத்ததும் நினைவிடத்தின் பெயரைப் பார்த்துக் குழம்பாதீர்கள். பர்மாவில் இறந்து கல்லறை தெரியாதவர்கள் ரங்கூன் நினைவுச் சின்னத்தில் இருக்கிறார்கள், அங்கே மட்டும் ஏறக்குறைய 27,000 பெயர்கள். மலாயாவிலும் சிங்கப்பூரிலும் இறந்தவர்கள் பலருக்கு சிங்கப்பூர் கிராஞ்சி. கோஹிமாவில் எரியூட்டப்பட்ட 917 இந்து, சீக்கிய வீரர்களுக்குத் தனி நினைவிடம் உண்டு. 'டெல்லி/கராச்சி நினைவகம்' என்று இருந்தால் அவர் கராச்சிக்குப் போனார் என்று அர்த்தமில்லை. பிரிவினைக்கு முந்தைய இந்திய வீரர்களை இரண்டு ஊரிலும் சேர்த்து நினைவுகூர்கிறார்கள், அவ்வளவுதான்.

படி 4: ரெக்கார்ட்ஸ் ஆபீஸுக்கு எழுதுவது

இதுதான் அதிகப் பொறுமை கேட்கும் கட்டம். முதலில் சாதாரணக் கடிதம் ஒன்றை ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். எண், ரேங்க், பெயர் (தெரிந்த எல்லா எழுத்துக்கூட்டல்களும்), அப்பா பெயர், ஊர், பழைய தாலுகா, மாவட்டம், தோராயமாகச் சேர்ந்த வருடம். கூடவே இறப்புச் சான்று, நீங்கள் வாரிசு என்பதற்கான ஆதாரம், உங்கள் அடையாள அட்டை நகல்.

பதில் வரவில்லையென்றால் ஆர்.டி.ஐ. (தகவல் அறியும் உரிமைச் சட்டம்) மனு. மத்திய அரசின் ஆர்.டி.ஐ. இணையதளத்தில் இந்திய ராணுவத்தைத் தேர்ந்தெடுத்து, 10 ரூபாய் கட்டி, 3,000 எழுத்துகளுக்குள் கேட்க வேண்டும். ஆங்கிலத்தில் கேட்பது பாதுகாப்பு. 30 நாளில் பதில் வர வேண்டும். சரியான ரெக்கார்ட்ஸ் ஆபீஸ் எது என்பதை முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள், இல்லையென்றால் மனு மேசை மேசையாகச் சுற்றும்.

எனக்கு வந்த முதல் பதில் இரண்டே வரி: சம்பந்தப்பட்டவர் பென்ஷன் பெறாதவர், ஆவணங்களை வைத்திருக்க வேண்டிய 25 ஆண்டுக் காலம் முடிந்துவிட்டதால் அவை அழிக்கப்பட்டன. இங்கேதான் பெரும்பாலானோர் கடையை மூடிவிடுகிறார்கள். உலகப் போருக்காகச் சேர்ந்து 1946, 47இல் வீட்டுக்கு அனுப்பப்பட்ட ஆட்கள் முக்கால்வாசிப் பேர் பென்ஷன் இல்லாதவர்கள்தான், அதனால் இந்தப் பதில் உங்களுக்கும் வர வாய்ப்பு அதிகம்.

ஆனால் அழிக்கப்படுவது ஷீட் ரோல் (ஒருவரின் பணி விவரத் தாள்) முதலான தனிநபர் கோப்பு. 'லாங் ரோல்' என்று ஒரு பேரேடு இருக்கிறது, அதை அழிப்பதில்லை. எண் வரிசைப்படி ஒவ்வொருவருக்கும் அடிப்படை விவரங்கள் அதில் இருக்கும். ஆகவே உங்கள் மனுவில் "பணிப் பதிவு வேண்டும்" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். இப்படிக் கேளுங்கள்:

"மேற்படி எண்ணுக்கு உரிய லாங் ரோல் பதிவின் சான்றளிக்கப்பட்ட நகல் வேண்டும். சேர்ந்த தேதி, விலகிய தேதி, விலகிய காரணம், பணியாற்றிய யூனிட்டுகள், வழங்கப்பட்ட பதக்கங்கள் பற்றிப் பதிவில் உள்ள விவரங்கள் வேண்டும். தனிநபர் ஆவணங்கள் அழிக்கப்பட்டிருந்தால், அழித்த தேதியும் அதற்கான உத்தரவின் நகலும் வேண்டும்."

அந்தக் கடைசி வரி முக்கியம். அழித்ததற்கு ஆதாரம் கேட்டால் ஒருவர் எழுந்து போய் உண்மையிலேயே தேட வேண்டியிருக்கும்.

"தனிநபர் தகவல், தர முடியாது" என்று வந்தால் ஆர்.டி.ஐ. சட்டத்தின் 8(3) பிரிவைக் காட்டி மேல்முறையீடு செய்யுங்கள். 20 ஆண்டுகளுக்கு முன் நடந்த விஷயம் பற்றிய தகவலை, நாட்டின் பாதுகாப்பு, நாடாளுமன்ற உரிமை, அமைச்சரவைக் குறிப்புகள் ஆகிய மூன்று விலக்குகள் தவிர, கொடுத்தாக வேண்டும் என்கிறது அது. முதல் மேல்முறையீட்டுக்குக் கட்டணம் இல்லை, பதில் கிடைத்த 30 நாளுக்குள் போட வேண்டும்.

படி 5: யூனிட்டின் கதை

லாங் ரோல் சில வரிகள்தான். அந்த வரிகளுக்குச் சதை சேர்ப்பது யூனிட்டின் போர் நாட்குறிப்பு, அதாவது போர்க்காலத்தில் யூனிட் நாள்வாரியாக எழுதிவைத்த பதிவு. டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்தின் 'அபிலேக் படல்' தளத்தில் இலவசமாகப் பதிந்துகொண்டு தேடலாம். இங்கே ஆள் பெயரைப் போடாதீர்கள், யூனிட் பெயரையும் கம்பெனி எண்ணையும் போடுங்கள். லண்டனில் உள்ள பிரிட்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் டபிள்யூ.ஓ. (வார் ஆபீஸ்) 172 வரிசை தென்கிழக்கு ஆசிய முனைக்கு, டபிள்யூ.ஓ. 169 மத்தியக் கிழக்குக்கு. வீரப் பதக்கம் வாங்கியவர் என்றால் லண்டன் கெஜட் (பிரிட்டிஷ் அரசிதழ்) தளத்தையும் ஒரு நடை பார்த்துவிடுங்கள், இலவசம்தான்.

மாதச் சந்தா கேட்கும் வெளிநாட்டு வம்சாவளித் தளங்களில் இதற்காகப் பணம் கட்ட வேண்டாம் என்பது என் கருத்து. அங்கே இருப்பவை பெரும்பாலும் பிரிட்டிஷ் வீரர்களின் ஆவணங்கள்.

முதல் உலகப் போர், ஐ.என்.ஏ.

முதல் போர் கடினம். பஞ்சாபுக்கு லாகூரில் கிடைத்த கிராமவாரிப் பதிவேடுகளை 2021இல் இணையத்தில் ஏற்றினார்கள், நம் மாகாணத்துக்கு அப்படி ஒரு வசதி இல்லை. வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டில் இருப்பது போல, இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் போருக்குப் போனார்கள் என்ற கல்வெட்டுகள் உண்டு. எண்ணிக்கை இருக்கும், பெயர் இருக்காது. போர்க் கல்லறைத் தளத்தில் 1914 ஆகஸ்ட் 4 முதல் 1921 ஆகஸ்ட் 31 வரை இறந்தவர்களைத் தேடலாம். 63ஆம் பாளையங்கோட்டை லைட் இன்ஃபன்ட்ரியும் 61ஆம் பயனியர்ஸும் 1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவின் தாங்காவில் சண்டை போட்டவை, எனவே 'மெசபடோமியா' (இன்றைய இராக்) என்று மட்டும் யோசிக்காதீர்கள். வெண்கலத்தில் பிரிட்டிஷ் வார் மெடல் இருந்தால் அவர் துப்பாக்கிச் சிப்பாயாக இல்லாமல் லேபர் கோரிலோ (கூலி வேலைப் படை) உதவிப் பணியிலோ இருந்திருக்கலாம்.

இந்திய ராணுவத்தில் இல்லாமல் மலாயாவிலிருந்து நேராக ஐ.என்.ஏ.வில் சேர்ந்தவர்களுக்கு ரெக்கார்ட்ஸ் ஆபீஸ் பயன்படாது. தேசிய ஆவணக் காப்பகத்தின் ஐ.என்.ஏ. கோப்புகள், தியாகி பென்ஷன் வாங்கியிருந்தால் அந்தக் கோப்பு, இந்த இரண்டும்தான் வழி.

பின்சேர்க்கை 1: எண்ணும் இல்லை, மெடலும் இல்லை, என்ன செய்வது என்று பலர் கேட்டிருந்தார்கள். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போங்கள். தாத்தாவோ பாட்டியோ அங்கே எப்போதாவது நிதியுதவிக்கோ அடையாள அட்டைக்கோ விண்ணப்பித்திருந்தால் எண் அந்தப் பதிவில் இருக்கும். அது மாநில அரசு அலுவலகம், மத்திய ஆர்.டி.ஐ. தளத்தில் அதைத் தேடாதீர்கள். சீருடைப் படம் மட்டும் இருக்கிறதென்றால் தோள்பட்டையிலும் தொப்பியிலும் உள்ள சின்னத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், படைப்பிரிவாவது தெரியும்.

பின்சேர்க்கை 2: ஒருவர் தாத்தாவின் பி.பி.ஓ.வை அப்படியே பேஸ்புக் குழுவில் போட்டு உதவி கேட்டிருக்கிறார். பாட்டி இன்னும் பென்ஷன் வாங்குகிறார் என்றால் அது ஆபத்து. பி.பி.ஓ. எண், வங்கிக் கணக்கு, ஆதார் மூன்றையும் மறைத்துவிட்டுப் போடுங்கள். படை எண்ணைக் காட்டலாம், தேடுவதற்கு அது போதும்.