வேக ஈனுலைக்குக் கணினி மாதிரி போடுவது எப்படி?

அணு உலை இயற்பியலைக் கணினியில் செய்து பார்க்க ஆசைப்படுகிறவர்களில் பலர் நேராக முழு உலையையே கட்டப் போய், கொஞ்ச நாளில் மூச்சு வாங்கி விட்டுவிடுகிறார்கள். வேக ஈனுலை என்பது நியூட்ரான்களின் வேகத்தைக் குறைக்காமல் ஓடி, எரிப்பதைவிட அதிக எரிபொருளை உண்டாக்கும் உலை. கல்பாக்கத்தின் 500 மெகாவாட் முன்மாதிரி வேக ஈனுலையில் 181 எரிபொருள் கட்டுகள், கட்டுக்கு 217 கம்பிகள். அதைக் கடைசியில் தொடுங்கள்.

மென்பொருளுக்கு ஓபன்எம்சி போதும். மான்டே கார்லோ முறையில், அதாவது தற்செயல் எண்களைக் கொண்டு, நியூட்ரான்களை ஒவ்வொன்றாகப் பின்தொடரும், இலவசம், பைத்தானிலேயே எழுதலாம். எம்சிஎன்பி, செர்பென்ட் எல்லாம் நல்லவைதான், ஆனால் உரிமம் வாங்க வேண்டும். அணுக்கருத் தரவை (எந்த அணுவோடு நியூட்ரான் எப்படி வினைபுரியும் என்ற எண்கள்) தனியாக இறக்க வேண்டும், இஎன்டிஎஃப்/பி-8.0 எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் மாதிரி காடிவா. 1950களில் லாஸ் அலமோஸில் சோதித்த வெறும் யுரேனியம் உருண்டை, சுற்றிலும் ஒன்றும் கிடையாது. ஆரம் 8.7407 செ.மீ., அடர்த்தி 18.74 கிராம்/க.செ.மீ., எடையில் சுமார் 93.7 சதவீதம் யுரேனியம்-235, ஒரு சதவீதம் 234, மிச்சம் 238. பெருக்கக் காரணி, அதாவது கே (ஒரு தலைமுறை நியூட்ரான்களுக்கு அடுத்த தலைமுறையில் எத்தனை என்ற விகிதம், 1 என்றால் தொடர்வினை நிலையாக ஓடும்), 1-ஐ ஒட்டி வர வேண்டும். 2-ஐத் தாண்டினால் வெளி எல்லையைப் பிரதிபலிப்பாக, அதாவது நியூட்ரான்கள் வெளியேறாமல் திரும்பி வருவதாக, வைத்துவிட்டீர்கள் என்று அர்த்தம், வெற்றிடமாக மாற்றுங்கள். இது சரியாக வராமல் அடுத்த படிக்குப் போகவே போகாதீர்கள்.

அப்புறம் ஒரே ஒரு எரிபொருள் கம்பி. 6.6 மி.மீ. விட்டம், உள்ளே யுரேனியம்-புளுட்டோனியம் ஆக்சைடு, சுற்றி சோடியம், அறுகோண எல்லை, இந்த முறை பிரதிபலிப்பு வேண்டும். சோடியம் உலைக்குள் 397 டிகிரியில் நுழைந்து 547-இல் வெளியேறுகிறது, ஆகவே அடர்த்தி 0.84 அளவில் இருக்கட்டும், அறை வெப்பநிலை எண்ணைப் போடாதீர்கள். புளுட்டோனியம் முழுவதையும் 239 என்று எழுதுவதுதான் இங்கே நடக்கிற பெரிய தப்பு. எரிந்த எரிபொருளிலிருந்து பிரித்தெடுத்ததில் 240-உம் 241-உம் கணிசமாக உண்டு, விட்டால் கே வீங்கிப் போகும்.

கம்பி சரி என்றால் கட்டு: அறுகோண அடுக்கில் மையத்தைச் சேர்த்து 9 வளையங்கள். ஓபன்எம்சி வெளி வளையத்திலிருந்து உள்நோக்கிப் பட்டியல் கேட்கும், 48, 42 என்று இறங்கி 1 வரை. கட்டுகளை அடுக்கினால் உலை மையம்.

உண்மையான வேலை இதற்குப் பிறகுதான். கே மட்டும் தெரிந்து பயனில்லை, சோடியம் கொதித்துப் போனால் கே ஏறுமா இறங்குமா என்பதே வடிவமைப்பின் கேள்வி. சோடியத்தை எடுத்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். நியூட்ரான்களின் வேகம் குறைவது மட்டுப்படுவதால் கே ஏறும், அதே சமயம் வெளியே கசிவதும் கூடுவதால் இறங்கும். ஒற்றைக் கம்பி மாதிரியில் கசிவே இல்லை, அதனால் ஏற்றம் மட்டும் தெரிந்து பயமுறுத்தும். முழு மையத்தில் நடுப்பகுதியைத் தனியாக, விளிம்பைத் தனியாகக் காலி செய்து பாருங்கள், குறியே மாறும்.

அடுத்தது டாப்ளர் விளைவு: எரிபொருள் சூடானால் அது நியூட்ரான்களை அதிகம் விழுங்கி கே இறங்கும். அதைப் பார்க்க எரிபொருள் வெப்பநிலையை மட்டும் மாற்றுங்கள். தரவு நூலகத்தில் 900, 1200, 2500 கெல்வின் என்று சில வெப்பநிலைகளே இருக்கும். நெருங்கிய வெப்பநிலையை எடுக்கச் சொல்லி, அனுமதி வரம்பையும் தாராளமாக வைத்தால் 1300-உம் 1400-உம் ஒரே 1200 ஆகிவிடும், விளைவு பூஜ்யம் என்று சந்தோஷப்படுவீர்கள். இடைக்கணிப்பு முறைக்கு மாற்றுங்கள்.

புள்ளியியல் பிழையையும் கவனியுங்கள். ஒவ்வொரு ஓட்டத்திலும் 50 பிசிஎம் பிழை இருந்தால் (ஒரு பிசிஎம் என்பது லட்சத்தில் ஒரு பங்கு) இரண்டு ஓட்டங்களின் வித்தியாசத்தில் 70 வரும், நீங்கள் தேடுவதே நூறு சொச்சம்தான். பிளவுக்குச் சற்றுப் பிறகு வந்து உலையைக் கட்டுப்படுத்த உதவும் தாமத நியூட்ரான்களின் பங்கு புளுட்டோனியம்-239-இல் சுமார் 210 பிசிஎம்தான் என்பதால், வேக உலையில் நூறு என்பது சின்ன எண் இல்லை. 10-க்கு இறக்க 25 மடங்கு நியூட்ரான்கள் வேண்டும், அதனால் ராத்திரி ஓட விட்டுவிட்டுத் தூங்கப் போங்கள்.