பால் மரத்திலிருந்து புகைக்கூடம் வரை: பிள்ளைகளுக்கு ஒரு தோட்ட விளையாட்டிடம் அமைப்பது எப்படி?

மலேசியாவின் பினாங்கு மாநிலத்துச் செபராங் பிறையில் முதலில் கரும்புத் தோட்டங்கள், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர், அப்புறம் செம்பனை. நிபோங் திபால் பக்கத்துப் பிள்ளைகள் பலருக்குத் தாத்தா பாட்டி பால் மரம் வெட்டியவர்கள், அதாவது ரப்பர் மரப் பட்டையைக் கீறிப் பால் எடுத்தவர்கள். அதைச் சொல்ல நாம் பள்ளிச் சுவரில் ஒரு படம் வரைவதோடு நிறுத்திக்கொள்கிறோம். படத்தைப் பிள்ளைகள் ஒரு தடவை பார்ப்பார்கள். அந்த வேலையையே கையில் கொடுத்தால் தினமும் ஓடி வருவார்கள்.

1. வரிசையை முடிவு செய்யுங்கள்
மரம், மங்கு (பால் வடிந்து விழும் கிண்ணம்), வாளி, மெஷின், புகைக்கூடம். பால் போன அதே வழியில் பிள்ளையும் போகட்டும். 20 அடிக்கு 30 அடி இடம் போதும், ஆனால் நிழல் கட்டாயம். நம் வெயிலில் தகரமும் இரும்பும் கையைச் சுட்டுவிடும்.

2. பால் மரம்
இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். ஒரு பருத்த மரத்தூணை ஆழமாக நட்டு, பிள்ளையின் நெஞ்சு உயரத்தில், இடப்பக்கம் மேலிருந்து வலப்பக்கம் கீழாக, ஏறக்குறைய 30 பாகை சரிவில், பாதிச் சுற்றளவுக்குக் கோடு போடுங்கள். பட்டைக்குள் பால் குழாய்கள் நேராக ஏறுவதில்லை, சற்றே வலப்பக்கம் சாய்ந்து ஏறுகின்றன. இப்படி வெட்டினால்தான் அதிகக் குழாய்கள் அறுபட்டுப் பால் கூடுதலாக வடியும். உளி வைக்கும் முன் பால் வெட்டிய பாட்டி ஒருவரிடம் பென்சில் கோட்டைக் காட்டிவிடுங்கள். சாய்வு சரியா என்று பார்த்தவுடன் சொல்லிவிடுவார்.

பள்ளம் விரல் அகலம் இருக்கட்டும். உள்பக்கம் ஆழமாகவும் வெளி விளிம்பு மேடாகவும் செதுக்கினால் தண்ணீர் வழியாமல் ஓடும். கீழ்முனையில் மழுங்கிய பிளாஸ்டிக் துண்டு ஒன்று, அதற்கடியில் கம்பி வளையத்தில் மங்கு. பீங்கான் வேண்டாம், உடையாத கிண்ணம் போதும். மேலே ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். மங்கில் விழும்வரை பள்ளத்தைத் திருத்துங்கள்.

3. காண்டா
பால் வாளிகளைத் தோளில் சுமக்கும் கம்புதான் காண்டா. மூன்றடி மூங்கில், இரு முனையிலும் சின்ன வாளி. வாளியைக் கொக்கியில் மாட்டுங்கள். நீளக் கயிறு கழுத்தில் சுற்றிக்கொள்ளும், வேண்டாம்.

4. மெஷின்
தோட்டத்து ஸ்டோரில் பாலை அமிலம் விட்டு உறையவைத்து, உருளைகளுக்கிடையே விட்டு சீட்டாக்குவார்கள். இரண்டு உருளை வைத்தால் விரல் மாட்டும். அதனால் பலகைமேல் களிமண், அதன்மேல் உருட்ட கைப்பிடி வைத்த ஒரே மரக்கட்டை. கட்டையில் வரிவரியாகப் பள்ளம் வெட்டிவிட்டால் ரப்பர் சீட்டில் இருக்கும் அதே வரிகள் களிமண்ணில் பதியும். இதை விட்டுப் பிள்ளைகளை நகர்த்துவது கஷ்டம்.

5. புகைக்கூடம்
ரப்பர் சீட்டுகளைத் தொங்கவிட்டுப் புகையில் உலர்த்தும் இடம் இது. நமக்கு நெருப்பு வேண்டாம். சின்னக் கூரை, குறுக்கே மூங்கில், சீட்டுக்குப் பதிலாகத் தொங்கவிட மஞ்சள் துணிகள். சட்டங்களுக்கிடையே உள்ள இடைவெளி 9 செ.மீ.க்குக் குறைவாகவோ 23 செ.மீ.க்கு அதிகமாகவோ இருக்க வேண்டும். நடுவில் எந்த அளவும் தலை மாட்டும் அளவு.

ஏறும் மேடை ஏதும் வைத்தால் 1.2 மீட்டர் உயரத்துக்கு மேல் போக வேண்டாம். அடியில் குறைந்தது 23 செ.மீ. மணல், சுற்றிலும் 1.8 மீட்டர் காலி இடம்.

6. சாயங்கால வேலை
மங்கு, வாளி எல்லாவற்றையும் தினமும் கவிழ்த்து வையுங்கள். தேங்கிய நீரில் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து வளர ஒரு வாரம் போதும். மழைக்குப் பின் பள்ளத்தில் நிற்கும் நீரையும் துணியால் துடைத்துவிடுங்கள். பெரிய பிள்ளைகளிடமே இந்தப் பொறுப்பைக் கொடுக்கலாம்.